நிலைத்த தொழில் எது? சிங்கப்பூர் வரலாறு தரும் விடை

உயர்நிலைப்பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாளில், மதிப்பெண் தாளைக் கையிலேந்திய மாணவர் தம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "இனி எதைப் படித்தால் நிலையான வேலை கிடைக்கும்?" என்பதே அது. பெற்றோர் தாம் உழைத்து அறிந்த உலகை மனத்திற் கொண்டு விடை கூறுகின்றனர். ஆசிரியர் தம் முன்னாள் மாணவர் சென்ற வழிகளை எண்ணிப் பார்த்து விடை கூறுகின்றார். இருவர் விடையும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. ஆயினும் அவை இரண்டும் கடந்த காலத்திலிருந்து எடுக்கப்பட்டவை. கேட்கும் மாணவனோ வருங்காலத்தில் உழைக்கப் போகின்றவன். பதினேழு அகவையில் பள்ளியை விட்டு நீங்கும் ஒருவன் அறுபதைக் கடந்தும் உழைக்க வேண்டியுள்ள இக்காலத்தில், அவன் முன்னே ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் விரிந்து கிடக்கின்றன.

அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளையே ஓர் அளவுகோலாகக் கொண்டு, சிங்கப்பூரில் முன்னைய தலைமுறைகள் 'நிலையானவை' என்று நம்பிய தொழில்கள் எத்துணைக் காலம் நிலைத்தன என்று அளந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குறிப்பாகத் தமிழர் பலர் பணியாற்றிய துறைகளை ஈண்டு எடுத்துக்கொள்வோம். வரலாறு வெறும் பழங்கதையாக நின்றுவிடாமல், வழிகேட்டு நிற்கும் மாணவனுக்கு அது பயன்படுமா என்பதையும் ஆராய்வோம்.

உத்தியோகம் என்னும் ஏணி

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சிங்கப்பூர்த் தமிழர் பெரும்பாலும் உடலுழைப்பை நம்பி வாழ்ந்தனர். துறைமுகத்திலும், நகராண்மைக் கழகத்தின் சாலைப் பணிகளிலும் துப்புரவுப் பணிகளிலும், கடற்படைத் தளத்திலும் அவர்கள் உழைப்புப் பெரிதும் பயன்பட்டது. இவ்வுழைப்பிலிருந்து மேலேறுவதற்கு இருந்த ஏணி ஒன்றே. ஆங்கிலப் பள்ளியில் பயின்று, சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறி, ஓர் அலுவலகத்தில் எழுத்தராக அமர்வதே அவ்வேணி. அக்காலத்து வழக்கில் அவர் 'கிராணி' எனப்பட்டார். கிராணியின் மகன் கிராணியாவதும், கூலியின் மகன் கிராணியாக வேண்டும் என்று கனவு காண்பதும் இயல்பாயின.

"அரைக்காசு உத்தியோகம் ஆனாலும் அரசாங்க உத்தியோகம்" என்ற பழமொழி தாயகத்திலிருந்து கப்பலேறி இங்கும் வந்தது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. அரசாங்க வேலையில் மாதந் தவறாத சம்பளம் உண்டு, குடியிருப்பு உண்டு, மருத்துவ வசதி உண்டு, முதுமையில் ஓய்வூதியமும் உண்டு. நிலமோ உறவோ இல்லாத அயல் மண்ணில் வாழ்வோர்க்கு இவை அரண்களாக விளங்கின. ஆதலின் அன்றைய பெற்றோர் நிலைத்தன்மையை நாடியதைக் குறை கூறுதல் பொருந்தாது. அவர்கள் அரணாகக் கருதிய இடங்கள் எத்துணை உறுதியானவை என்பதை மட்டுமே நாம் பார்க்க வேண்டும்.

கடற்படைத் தளத்தின் முப்பத்து மூன்று ஆண்டுகள்

செம்பவாங்கில் அமைந்த கடற்படைத் தளத்தை அமைக்கப் பிரிட்டன் 1923இல் முடிவு செய்தது. பெருங்கப்பல்களைப் பழுதுபார்க்கும் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. அத்தளத்தைச் சுற்றி மலையாளிகளும் தமிழரும் பெருந்தொகையினராகக் குடியேறினர். உலகப் பேரரசு ஒன்றின் கடற்படையே வேலை கொடுப்பவராக இருக்கும்போது அவ்வேலையை விட உறுதியானது வேறெது என்று எண்ணியது வியப்பன்று.

1942இல் ஜப்பானியர் தளத்தைக் கைப்பற்றினர். 1945இல் பிரிட்டிஷார் மீண்டும் வந்தனர். வேலைகளும் மீண்டும் வந்தன. ஆனால் 1968ஆம் ஆண்டு சனவரியில், பொருளாதார நெருக்கடியில் சிக்கியிருந்த பிரிட்டிஷ் அரசு, 1971ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூரிலிருந்து தன் படைகளை மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. அப்போது படைத்தளங்களின் செலவினம் இந்நாட்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. பல்லாயிரவர் நேரடியாக அத்தளங்களில் வேலை பார்த்தனர். அவர்தம் சம்பளத்தை நம்பிக் கடைக்காரரும் சமையற்காரரும் சலவைத் தொழிலாளரும் வாழ்ந்தனர். 1971 அக்டோபர் இறுதியில் படை மீட்பு நிறைவெய்தியது.

இங்கு நம் அளவுகோலை வைத்துப் பார்ப்போம். 1938இல் உலர்துறை திறக்கப்பட்டபோது பதினேழு அகவையில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞனுக்கு, 1971இல் வயது ஐம்பது. பேரரசு தந்த 'நிலையான' வேலை ஒரு மனிதனின் உழைப்புக் காலத்தளவு கூட நீடிக்கவில்லை.

அடுத்து நிகழ்ந்ததே நமக்கு முதன்மையான பாடம். சிங்கப்பூர் அரசு தளங்களைப் பொருளாதாரப் பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கெனத் தனித்துறை ஒன்றை நிறுவியது. கடற்படையின் கப்பல் பட்டறை 1968 டிசம்பரில் பெயரளவில் ஒரே ஒரு வெள்ளி விலைக்குச் சிங்கப்பூர் வசமாயிற்று. செம்பவாங் கப்பல் பட்டறை என்னும் வாணிக நிறுவனம் உருவாயிற்று. போர்க்கப்பல்களைப் பழுதுபார்த்த கடைசல்காரர், பற்றவைப்பவர், மின்வினைஞர் ஆகியோர் எண்ணெய்க் கப்பல்களையும் சரக்குக் கப்பல்களையும் பழுதுபார்ப்பவராயினர். கொடி மாறியது, இயந்திரத்தின் இயல்பு மாறவில்லை, ஆதலால் அவர்தம் கைத்திறன் விலை போயிற்று. காவலர், தோட்டக்காரர், பண்டசாலை உதவியாளர் முதலியோர் நிலை வேறு. குறுகிய காலப் பயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டபோதும் ஐம்பது அகவையில் புதுத்தொழில் கற்பது எளிதாயில்லை. குடியுரிமை பெறாத பலர் பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பினர். ஒரே வாயிலின் வழி ஒரே நாளில் வெளியேறிய இரு சாராரின் வாழ்வு இவ்வாறு இரு திசையிற் பிரிந்தது.

கிட்டங்கியும் கொள்கலனும்

கடற்படைத் தளத்தை அரசியல் மூடியது என்றால், துறைமுகத்தின் பழைய வேலைகளை ஓர் இரும்புப் பெட்டி மூடியது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் சாக்கு மூட்டைகளும் ரப்பர்ப் பொதிகளும் மனிதத் தோள்களின் மீதே கப்பலுக்கும் கிட்டங்கிக்கும் இடையே பயணம் செய்த காலம் நெடியது. அவ்வுழைப்பில் தமிழர் பங்கு பெரிது. 1964இல் துறைமுக வாரியத்தின் இடத்தில் சிங்கப்பூர்த் துறைமுக ஆணையம் அமைந்தது. கொள்கலன் கப்பல்களுக்கான முனையத்தை உலக வங்கியின் கடனுதவியுடன் அது தஞ்சோங் பகாரில் கட்டியது. 1972ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் 'நிஹோன்' என்னும் முதற் கொள்கலன் கப்பல் அங்கு வந்தடைந்தது.

ஒரு குழுவினர் நாள்கணக்கில் மூச்சுத் திணறச் சுமந்த சரக்கைப் பாரந்தூக்கி சில மணி நேரத்தில் இறக்கிவிட்டது. துறைமுகம் இதனால் அழியவில்லை. உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது. ஆனால் வளர்ந்த துறைமுகத்திற்கு வேண்டியவர் பாரந்தூக்கி இயக்குநரும், பழுதுநீக்குநரும், கணினியில் கப்பல்வரவைத் திட்டமிடுவோருமாயினர். ஒரு தொழில் செழிக்கிறது என்பதனால் அதிலுள்ள எல்லா வேலைகளும் செழிக்கும் என்று கொள்ளலாகாது. "துறைமுகத்துக்கு எதிர்காலம் உண்டு" என்ற கூற்று உண்மையாயிற்று. "துறைமுகத்தில் மூட்டை தூக்குவோர்க்கு எதிர்காலம் உண்டு" என்ற கூற்றுப் பொய்யாயிற்று. இன்று மாணவர்க்கு ஒரு துறையைப் பரிந்துரைக்கும் போது இவ்வேறுபாட்டை நாம் எடுத்துரைக்கின்றோமா என எண்ணிப் பார்த்தல் நலம்.

பட்டறைக்கு வந்த பள்ளி

1959இல் தன்னாட்சி பெற்ற சிங்கப்பூர் கடும் வேலையின்மையை எதிர்நோக்கியது. 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. ஜூரோங்கின் சதுப்பு நிலம் தொழிற்பேட்டையாக மாறத் தொடங்கியது. எனினும் பெற்றோர் மனம் எழுத்தர் மேசையை விட்டு எளிதில் அகலவில்லை. எண்ணெய்க் கறை படிந்த கை தாழ்ந்தது என்ற எண்ணம் எல்லா இனத்தாரிடமும் வேரூன்றியிருந்தது. இம்மனப்பான்மையை மாற்றவே 1968இல் கல்வி அமைச்சில் தொழில்நுட்பக் கல்விக்கெனத் தனிப்பிரிவு அமைக்கப்பட்டது. 1969 முதல் உயர்நிலைப்பள்ளியின் கீழ்வகுப்பு ஆண் மாணவர் யாவரும் மரவேலை, உலோகவேலை முதலியவற்றைப் பயின்றனர். எழுத்தைக் கற்பித்த பள்ளி அரத்தையும் கற்பிக்கலாயிற்று.

பொருளியல் வளர்ச்சிக் கழகம் மற்றொரு வழியையும் கண்டது. வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டாகப் பயிற்சி நிலையங்களை நிறுவியது. 1972இல் இந்தியாவின் டாட்டா நிறுவனத்துடனும், 1973இல் ஜெர்மனியின் ரோலை நிறுவனத்துடனும், 1975இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்துடனும் அந்நிலையங்கள் அமைந்தன. பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர் அங்கு நுட்பமான கருவி செய்தலையும் அச்சு வார்ப்பு அமைத்தலையும் கற்றனர்.

இவற்றுள் ரோலையின் வரலாறு தனித்துக் குறிப்பிடத்தக்கது. புகழ்பெற்ற ஒளிப்படக் கருவிகளைச் செய்த அந்நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் இங்குப் பெருந்தொழிற்சாலை அமைத்தபோது, அதில் இடம் பெற்ற இளைஞரை ஊரார் பாக்கியசாலிகள் என்றனர். ஜப்பானியக் கருவிகளின் போட்டியைத் தாங்கமாட்டாமல் 1981இல் அந்நிறுவனம் வீழ்ந்தது. சிங்கப்பூர்த் தொழிற்சாலையும் மூடப்பட்டது. பத்தாண்டு அளவே நிலைத்த வேலை அது! ஆயினும் அங்குப் பயிற்சி பெற்றோர் பிற நுட்பப் பொறியியல் தொழிற்சாலைகளில் இடம் பெற்றனர். ஒளிப்படக் கருவி செய்யக் கற்றவர், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு கூற்றையும் பிழையின்றி அளக்கக் கற்றிருந்தார். அவ்வளவைத் திறனுக்குப் பல தொழில்களில் தேவை இருந்தது.

பயிற்சியின்றி ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்குப் போனவர் நிலை இதனின்று வேறுபட்டது. 1960களின் கடைசியிலிருந்து வந்த மின்னணுத் தொழிற்சாலைகள் பள்ளியிறுதி முடித்ததும் முடிக்காததுமான இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் ஈர்த்தன. அச்சம்பளம் பல குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்தது. பெண்கள் தம் காலில் நிற்கவும் வழிசெய்தது. அதன் பெருமையை மறுக்கலாகாது. ஆனால் கூலி மலிவான நாடுகளை நோக்கி அத்தொழில் நகர்ந்தபோது அவர்கள் கையில் எஞ்சிய திறன் சிறிதே. 1982இல் இங்கு உற்பத்தியைத் தொடங்கிய சீகேட் நிறுவனம், கணினித் தட்டு உருவாக்கிய தன் அங் மோ கியோ ஆலையை மூடுவதாக 2009இல் அறிவித்தது. அதுவும் முப்பது ஆண்டை எட்டவில்லை.

எழுத்தர் மேசையின் முடிவு

உடலுழைப்பும் தொழிற்சாலையும் மாறிய காலத்தில், கிராணி கனவு மட்டும் நிலைத்ததா? அதுவும் இல்லை. 1981இல் தேசியக் கணினி வாரியம் நிறுவப்பட்டது. அரசாங்க அலுவலகங்கள் கணினிமயமாயின. 1985இல் நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. மறு ஆண்டு முதலாளிகள் தொழிலாளிக்காகச் செலுத்தும் மத்திய சேமநிதிப் பங்கு நூற்றுக்கு 25லிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டது. செலவைக் குறைக்க முனைந்த நிறுவனங்கள் மேலும் கணினியை நாடின.

1989இல் தொடங்கிய 'டிரேட்நெட்' என்னும் கணினி வலையமைப்பு இம்மாற்றத்துக்குச் சிறந்த சான்று. ஏற்றுமதி இறக்குமதிக்கான அனுமதிப் படிவங்களை எழுத்தர் கையிலெடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறியிறங்கிய காலம் அதனோடு முடிவுக்கு வந்தது. நாள்கணக்கில் நடந்த வேலை நிமிடக் கணக்கில் முடிந்தது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றால் சோறு உண்டு என்று நம்பிப் பயின்றோர், தம் நாற்பதாம் அகவையில் விசைப்பலகையைப் புதிதாகப் பயில நேர்ந்தது. வாணிக நடைமுறையை முழுதும் உணர்ந்திருந்த எழுத்தர் அக்கணினியைத் தம் கருவியாக்கிக்கொண்டார். படிவத்தை நிரப்ப மட்டுமே அறிந்தவர் இடமிழந்தார்.

உமறுப்புலவர் பள்ளி உணர்த்துவது

தமிழாசிரியர்களாகிய நாம் கடந்து செல்ல இயலாத ஒரு செய்தி இதனோடு பிணைந்து கிடக்கிறது. 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் பெருமக்களின் முயற்சியால் தோன்றிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி, 1960இல் உயர்நிலைப்பள்ளியாயிற்று. தமிழைப் பயிற்று மொழியாகக் கொண்ட ஒரே உயர்நிலைப்பள்ளியாக அது சிங்கப்பூரில் விளங்கியது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1982இல் அது மூடப்பட்டது.

அப்பள்ளியை மூடியது தமிழ்ப்பற்றின்மை என்று கூறிவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது. அங்குப் படிப்பை முடித்த மாணவன் முன்னிருந்த வழிகள் மிகச் சில. தமிழாசிரியப் பணி, செய்தித்தாள், வானொலி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 1954இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர்த் தொழிற்கல்லூரியும், பல்கலைக்கழகமும், அந்நியத் தொழிற்சாலைகளின் இயந்திர விளக்க நூல்களும் ஆங்கிலத்தையே வேண்டின. தம் பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளியைத் தேர்ந்த தமிழ்ப் பெற்றோர், மொழியை வெறுத்துச் செய்யவில்லை. வேலைக்குரிய வழியைத் தேடிச் செய்தனர். சீன, மலாய்ப் பள்ளிகளின் நிலையும் ஏறத்தாழ அஃதே. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்று மொழியாயிற்று.

எனவே தொழில்தேர்வு என்பது ஒரு தனி மாணவனின் சிக்கல் மட்டுமன்று. ஆயிரம் வீடுகளில் தனித்தனியே எடுக்கப்படும் முடிவுகள் ஒன்றுகூடும்போது ஒரு பள்ளியின் வாழ்வையும், ஒரு மொழி வழங்கும் பரப்பையும் அவை முடிவு செய்கின்றன. 1960இல் தொடக்கப்பள்ளியிலும் 1966இல் உயர்நிலைப்பள்ளியிலும் கட்டாயமாக்கப்பட்ட இரண்டாம் மொழிக் கல்வியே தமிழை வகுப்பறையில் நிலைநிறுத்தியது. தமிழ் கற்பதால் வேலை உண்டா என்று மட்டுமே கேட்டிருப்போமாயின், இன்று நாம் கற்பிக்க வகுப்பே இருந்திராது. அவ்வாறே வேலையைப் பற்றிக் கவலையுறாமல் தமிழ் கற்க வாருங்கள் என்று அழைப்பதும் பயன்தராது என்பதற்கு உமறுப்புலவர் பள்ளியே சான்று. இரண்டையும் ஒருங்கே நோக்க வேண்டும்.

அடிப்படைக் கல்வியே பாலம்

மேற்கூறிய வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். பேரரசு தந்த வேலை முப்பத்து மூன்று ஆண்டு. கணினித் தட்டு ஆலை இருபத்தெட்டு ஆண்டு அளவு. ஒளிப்படக் கருவி ஆலை பத்தாண்டு அளவு. இவற்றுள் ஒன்றேனும் ஒரு தலைமுறையின் உழைப்புக் காலத்தை நிறைவு செய்யவில்லை. ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடையின்றிக் கடந்தவர், பல தொழில்களுக்குப் பொதுவான ஒரு திறனை ஆழக் கற்றவராயிருந்தனர். கணக்கிடுதல், அளத்தல், வரைபடத்தைப் படித்தறிதல், அறிவுறுத்தலைப் படித்துப் பொருள் கொள்ளுதல் முதலியன அத்தகையவை. இவை யாவும் பள்ளியறையில் தொடங்குகின்றன.

இங்கு நம் சமுதாயம் உணர்ந்த குறை ஒன்றையும் கூற வேண்டும். இந்திய மாணவர்களின் கல்வி நிலையை ஆராய அமைந்த குழு கணிதத்தில் அவர்கள் பின்தங்கியிருந்ததைச் சுட்டியது. அதன் விளைவாக 1991இல் சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் தோன்றித் துணைப்பாட வகுப்புகளை நடத்தலாயிற்று. கணிதத்தில் தவறும் மாணவன் ஒரு பாடத்தில் மட்டும் தவறுவதில்லை. அடுத்த தொழிலுக்குக் கடக்கும் பாலத்தையே இழக்கின்றான் என்பதை அம்முயற்சியின் முன்னோடிகள் உணர்ந்திருந்தனர்.

அடுத்ததாக, தொழிற்கல்வியைத் தாழ்வாகக் கருதும் எண்ணம் இன்னும் நம்மிடையே முற்றும் நீங்கவில்லை. 1979இல் அமைந்த தொழிற்பயிற்சிக் கழகம் 1992இல் தொழில்நுட்பக் கல்விக் கழகமாக வளர்ந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரிகள் இன்று ஐந்து உள்ளன. தொழிற்பயிற்சியில் தொடங்கிப் பட்டயமும் பட்டமும் பெற்றோர் பலர். தொடக்கக் கல்லூரிக்குச் செல்லாத பிள்ளையைத் தோல்வியுற்ற பிள்ளையாகக் காணும் பெற்றோர்க்குச் செம்பவாங் கப்பல் பட்டறையின் வரலாற்றை எடுத்துக் கூறலாம். அங்குத் தப்பிப் பிழைத்தது கைத்திறன் உடையவரே.

முடிவுரை

2015இல் தொடங்கிய 'ஸ்கில்ஸ்ஃபியூச்சர்' இயக்கத்தின்கீழ், இருபத்தைந்து அகவை நிறைந்த குடிமக்களுக்கு மறு ஆண்டு முதல் 500 வெள்ளி பயிற்சித் தொகை வழங்கப்பட்டது. 2024இல் நாற்பது அகவையைக் கடந்தோர்க்கு 4,000 வெள்ளி கூடுதலாக ஒதுக்கப்பட்டது. ஒருமுறை கற்ற கல்வி வாழ்நாள் முழுமைக்கும் போதாது என்பதை அரசின் வரவுசெலவுத் திட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது எனலாம். எழுதவும் வரையவும் கணக்கிடவும் வல்ல இயந்திரங்கள் அலுவலக மேசைக்கு வந்துவிட்ட இந்நாளில், எழுத்தர் மேசை கண்ட மாற்றத்தைப் பட்டதாரியின் மேசையும் காண்கிறது.

ஆதலின் ஆசிரியப் பெருமக்கள், "எந்த வேலை நிலைக்கும்?" என்று மாணவர் கேட்கும்போது ஒரு தொழிலின் பெயரை மட்டும் விடையாகத் தந்து அமைதல் போதாது. அவர்களை மூன்று வினாக்களை எழுப்பச் செய்தல் வேண்டும். நான் விரும்பும் துறை வளருமாயின், அதற்குள் நான் செய்யப்போகும் வேலையும் வளருமா? அந்நிறுவனம் நாளை மூடப்படின் என் கையில் எஞ்சும் திறன் யாது? நாற்பது அகவையில் மீண்டும் மாணவனாக அமரும் மனமும் அடிப்படையும் என்னிடம் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவர் தவறான படியில் கால் வைத்தாலும் திரும்பிவரும் வழியை அறிந்திருப்பர்.

மாணவமணிகளே, உங்கள் பாட்டனார் மூட்டை சுமந்த துறையில் இன்று கொள்கலன்கள் அடுக்கப்பட்டுள்ளன. உங்கள் பாட்டியார் மின்னணுத் துண்டுகளை இணைத்த ஆலை இருந்த இடத்தில் இன்று வேறு கட்டடம் எழுந்திருக்கலாம். அவர்கள் உங்களுக்கு வேலையை விட்டுச் செல்லவில்லை. தாம் பெறாத பள்ளிப் படிப்பை உங்களுக்கு அளித்துச் சென்றனர். அதனைக் குறைவறக் கற்றுக்கொள்ளுங்கள். இருபதில் ஏற்கும் தொழிலை நாற்பதில் மாற்ற நேர்ந்தாலும் அப்படிப்பு உங்களுக்குத் துணை நிற்கும்.